லெசோத்தோ மலைநடை: புல்வெளியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலுள்ள மலைநாடான லெசோத்தோவைப் படத்தில் பார்ப்பவர்களுக்கு அது சுலபமான நடையாகத் தெரியும். அடர்ந்த காடு கிடையாது, சிங்கம் யானை பயமில்லை, புல் போர்த்திய மலைகள், மலைக்கு மலை ஓர் ஊர். ஊர் ஊராக நடந்து போய்விடலாம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கு எல்லையில் டிராக்கன்ஸ்பெர்க் மலைவிளிம்பு 3,000 மீட்டரைத் தொடுகிறது. தபானா ந்ட்லென்யானா சிகரம் 3,482 மீட்டர். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது.

முதல் தவறு வீட்டில் விசா விண்ணப்பம் நிரப்பும்போதே நடந்துவிடுகிறது. லெசோத்தோவின் நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்காதான். தென்னாப்பிரிக்க விசாவில் ஒருமுறை நுழைவு என்று இருந்தால், லெசோத்தோவுக்குள் காலை வைத்ததும் அது முடிந்துபோகும். திரும்ப வர வழி இருக்காது. பலமுறை நுழைவு விசா கேளுங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது 2 வெற்றுப் பக்கம் இருக்கட்டும். லெசோத்தோவுக்கான அனுமதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சானி கணவாய் வழியாகப் போகிறவர்கள் நேரக் கணக்கில் தவறுகிறார்கள். தென்னாப்பிரிக்கச் சோதனைச் சாவடி மலையடியிலும் லெசோத்தோ சாவடி 2,876 மீட்டர் உயர உச்சியிலும் இருக்கின்றன. இடையே சுமார் 8 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். சாவடிகள் காலை 6 முதல் மாலை 6 வரைதான். சுமையோடு நடப்பவருக்கு மணிக்கு 3 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம் என்று வைத்தால், இந்தத் துண்டுக்கு மட்டும் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியம் 1 மணிக்குப் பிறகு கீழிருந்து கிளம்பாதீர்கள். இதே கணக்கையே மற்ற எல்லா நாளுக்கும் போடுங்கள். வழியில் ஊர்க்காரர்கள் "பக்கந்தான்" என்றால் அது முதுகில் சுமையில்லாமல் மலையேறிப் பழகிய கால்களின் கணக்கு. எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, இருட்டுவதற்குள் சேர முடியுமா என்று கேட்பதே பயன் தரும்.

தென்னாப்பிரிக்கப் பக்கம் டிராக்கன்ஸ்பெர்க் பூங்காவுக்குள் ஏறுகிறவர்கள் அலுவலகப் பதிவேட்டில் பாதை, ஆள் எண்ணிக்கை, கூடாரத்தின் நிறம், திரும்பும் நாள் எல்லாம் எழுதியே ஆக வேண்டும். திரும்பியதும் வந்துவிட்டோம் என்று மறக்காமல் குறிக்கவும். ஒருவர் திரும்பவில்லை என்றால் தேடுவோர் முதலில் புரட்டுவது அந்த ஏட்டைத்தான். மலைவிளிம்பில் நடக்கும்போது எல்லைக்கோடு காலடியில் இருக்கும், வேலி இருக்காது. பாஸ்போர்ட்டை உடம்போடு வைத்திருங்கள்.

மழைக்காலத்து மதியம்

நவம்பர் முதல் மார்ச் வரை மலை பச்சைப்பசேலென்று இருக்கும், ஆறுகளில் தண்ணீர் ஓடும். பலர் தேர்ந்தெடுப்பதும் அந்த மாதங்களைத்தான். அப்போது பெரும்பாலான நாள்களில் காலை வானம் கண்ணாடி போலிருக்கும். 11 மணிக்குப் பஞ்சுப்பொதி மேகம் எழும், 2 மணிக்குள் இடி. காலை உணவைச் சமைத்துச் சாப்பிட்டு 9 மணிக்குக் கிளம்புகிறவர், சரியாக இடி நேரத்தில் முகட்டில் நிற்பார். மரமே இல்லாத மேட்டில் உயரமான பொருள் மனிதன்தான். 5 மணிக்குக் கிளம்பி, நண்பகலுக்குள் முகட்டிலிருந்து இறங்கிவிடுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக எண்ணினால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே தாழ்வான சரிவுக்கு இறங்க வேண்டும். எல்லாரும் செய்யும் பிழை, ஆழமில்லாத பாறைக்குடைவின் வாயில் ஒண்டுவது. பாறையில் இறங்கும் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது நடுவில் நிற்பவர் உடம்பு வழியாகப் போகும். இறங்க முடியாவிட்டால் நடைக்கோலைத் தள்ளி வைத்துவிட்டு, பையின் மேல் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். கூட வந்தவர்கள் 15 மீட்டராவது தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

அதே மழை ஆற்றையும் மாற்றிவிடும். காலையில் கணுக்கால் நனைந்த ஓடை மாலையில் இடுப்பைத் தொடும், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே. தண்ணீர் செம்மண் நிறமாகி, புல்லும் சுள்ளியும் மிதந்து வந்தால் இறங்கவே கூடாது. மேட்டில் கூடாரம் போட்டுக் காத்திருங்கள். இந்த ஓடைகள் ஏறும் வேகத்திலேயே வடியும், பெரும்பாலும் மறுநாள் காலை கடக்கலாம். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். ஷூவைக் கழற்றாதீர்கள்; ஈரமான எரிமலைப் பாறை எண்ணெய் தடவியது போல வழுக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை வானம் தெளிவு, ஆனால் உயரத்தில் இரவு மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகும். ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது லேபிளில் இரண்டு எண் இருக்கும். சுகமாகத் தூங்கும் வெப்பநிலை ஒன்று, தாங்கக்கூடிய எல்லை இன்னொன்று. கடைக்காரர் காட்டுவது இரண்டாவது. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவது. பனி எந்த மாதத்திலும் விழலாம் என்பதால் கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும்.

ஃபில்டரும் பருப்பும்

மேலே ஓடும் தண்ணீர் பளிங்கு போலிருக்கும். ஊற்றுக்குப் பத்தடி மேலே ஆடும் மாடும் நிற்கும். அப்படியே குடிக்காதீர்கள். மெல்லிய குழாய் போன்ற நார்கள் வழியாகத் தண்ணீரை வடிகட்டும் ஃபில்டர் கொண்டுபோகிறவர்கள் கெடுத்துக்கொள்வது குளிரில்தான். ஒருமுறை பயன்படுத்தியபின் உள்ளே ஈரம் தங்கும், இரவில் அது உறையும், நார் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது. காலையில் தண்ணீர் வழக்கத்தைவிடச் சுலபமாகவே இறங்கும், கிருமியும் கூடவே இறங்கும். எனவே ஃபில்டரை உதறி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, இரவில் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் மாத்திரை போடுகிறவர்கள் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். தண்ணீர் சில்லென்று இருந்தால் இரு மடங்கு நேரம்.

கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். லெசோத்தோ ஊர்க்கடையில் அது கிடைக்கும் என்று நம்பவும் கூடாது. ஜோகன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ வாங்குங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிராம் எடுக்கும். வெறும் பியூட்டேன் நிரப்பியது 0 டிகிரி அருகே எரிய மறுக்கும், புரொப்பேன் கலந்ததாகப் பாருங்கள். மண்ணெண்ணெய் அடுப்பு இருந்தால் கவலை குறைவு, மண்ணெண்ணெய் சிற்றூர்க் கடையிலும் உண்டு. விறகை நம்ப வேண்டாம். மரம் அரிது, ஊர்மக்களே காய்ந்த வறட்டியையும் புதரையும் எரிக்கிறார்கள்; அது அவர்கள் குளிர்காலத்துச் சேமிப்பு.

நம்மவர்கள் தவறாமல் செய்வது துவரம்பருப்பைக் கட்டிக்கொண்டு போவது. 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். துவரை வேகாது, கேஸ்தான் தீரும். மைசூர்ப் பருப்பை மதியமே டப்பாவில் ஊறப்போட்டு நடந்தால் இரவில் சீக்கிரம் குழையும். அவல், வறுத்த ரவை, சத்துமாவு இன்னும் நல்லது. இவற்றை டர்பனில் வாங்கலாம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழிவந்தோர் வாழும் ஊர் அது.

ஊருக்குள்

இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். அந்த மலைகள் ஆளில்லாத நிலமல்ல. ஒவ்வொரு புல்சரிவுக்கும் மேய்ச்சல் முறை உண்டு. புல் வளர்வதற்காக ஊர்த்தலைவர் மூடி வைக்கும் பகுதிக்கு லெபோயெல்லா என்று பெயர். நமக்கு அது கூடாரம் போட அழகான பசும்புல் தரை. அவர்களுக்கு மாட்டின் குளிர்காலத் தீனி. ஓர் ஊரை நெருங்கியதும் தலைவர் வீட்டை விசாரித்து, நேரில் போய், எங்கே தங்கலாம் என்று கேளுங்கள். தலைவர் பெண்ணாகவும் இருக்கலாம். கேட்டுத் தங்கியவரை ஊரே பார்த்துக்கொள்ளும். கேட்காமல் தங்கியவரை இரவில் டார்ச்சோடு விசாரிக்க வருவார்கள், அது நியாயமும்தான். கிளம்பும்போது தங்கியதற்கு ஒரு தொகை கொடுப்பது முறை.

வணக்கம் சொல்லாமல் வழி கேட்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. எழுத்தில் லுமேலா என்றிருக்கும், உச்சரிப்பு டுமேலா. செசோத்தோ மொழியை லெசோத்தோவில் எழுதும்போது இகரமோ உகரமோ சேர்ந்த லகரம் டகரமாக ஒலிக்கும். பெரியவர் ஆணென்றால் ந்தாத்தே, பெண்ணென்றால் ம்மே. தந்தை, தாய் என்றே பொருள். அறியாதவரையும் ஐயா, அம்மா என்று அழைத்துப் பழகிய நமக்கு அது சிரமமே இல்லை. நலம் விசாரித்து முடித்தபின் வழி கேளுங்கள்.

பிள்ளைகள் மிட்டாய் கேட்டு ஓடி வருவார்கள். கொடுக்காதீர்கள், ஏற்கெனவே வந்துபோனவர்கள் பழக்கிவிட்டது அது. கம்பளி போர்த்திய மேய்ப்பர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். ஊரைவிட்டு ஒதுங்கிய மலைமடிப்பில் தனியாக ஒரு குடிசை, அங்கே இளைஞர்கள் கூட்டமாகப் பாடுவது கேட்டால், அது ஆண்மகனாகும் சடங்குக்கான பயிற்சியிடமாக இருக்கலாம். வெளியார் நெருங்கக் கூடாது. கேமராவை உள்ளே வைத்துவிட்டு வேறு வழியில் சுற்றிப் போங்கள்.

மேய்ப்பர் நாய்கள் பாய்ந்து வந்தால் ஓடாதீர்கள். நின்று, குனிந்து கல் எடுப்பது போலச் செய்தாலே பெரும்பாலும் விலகும். அதற்குள் மேய்ப்பர் விசிலடித்து அழைத்துவிடுவார்.

பணம்: லெசோத்தோவின் லோட்டியும் தென்னாப்பிரிக்க ராண்டும் சம மதிப்பு, லெசோத்தோவில் ராண்டும் செல்லும். எல்லை தாண்டினால் லோட்டி செல்லாது. திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள். ஏடிஎம் பெரிய ஊர்களில்தான், ஆகவே சின்ன நோட்டுகளாக வைத்திருங்கள்.

மினிபஸ்ஸுக்கு நேர அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்ததும் கிளம்பும். பெரிய பைக்கு இன்னோர் இருக்கைக் கட்டணம் கேட்கலாம், ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மலை ஊர்களிலிருந்து வண்டிகள் விடியலில் புறப்படும், ஞாயிற்றுக்கிழமை மிகக் குறைவு. திங்கட்கிழமை விமானம் என்றால் சனிக்கிழமை காலையே சாலைக்கு இறங்கிவிடுங்கள்.