காதிஸ் கடற்கரைக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா? முதலில் காற்றைப் பாருங்கள்

ஸ்பெயின் கடற்கரை என்றால் நம்மவர்கள் நேராக பார்சிலோனாவுக்கோ மலகாவுக்கோ போய்விடுகிறார்கள். ஆகஸ்டில் அங்கே துண்டு விரிக்க இடம் பிடிப்பதே பெரும்பாடு. எனக்குப் பிடித்தது தென்மேற்கில் அட்லாண்டிக்கைப் பார்த்தபடி கிடக்கும் காதிஸ் மாகாணக் கரை. விசா, வாடகைக் கார் சமாச்சாரமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: கோனில் என்ற ஊரில் தங்குங்கள். ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. அங்கிருந்து வடக்கே லா பரோசா, தெற்கே போலோனியா இரண்டு கடற்கரைகளுக்கும் காரில் போய்வரலாம். 'நீலக்கொடி' வாங்கிய கரையாகத் தேடாதீர்கள். அது தண்ணீரின் தரத்துக்கும் வசதிகளுக்கும் தருவது, அமைதிக்கு அல்ல.

படி 2: காற்று. நான் சொதப்பியது இங்கேதான். போலோனியாவுக்குக் கிளம்பிய அன்று போனில் பார்த்தேன்: வெயில், 29 டிகிரி, ஒரு மேகம் இல்லை. போய் இறங்கினால் மணல் ஊசி ஊசியாகக் காலில் குத்துகிறது. குடை பிடுங்கிக்கொண்டு பறந்தது, சின்னவள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று அழுதாள். பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டோம்.

கிழக்கிலிருந்து வீசும் அந்தக் காற்றுக்கு லெவாந்தே என்று பெயர். வானம் பளிச்சென்று இருக்கும்போதே வீசும், அதனால் வெயில் படத்தை நம்பக் கூடாது. ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்தான். அந்த இடுக்கில் நெருக்கப்பட்டு வருவதால் போலோனியா இருக்கும் தரிஃபா பக்கம் காற்றின் வேகம் கூடிவிடும். நான் பார்த்ததோ காதிஸ் நகரத்துக்கான முன்னறிவிப்பு! போகிற கரையின் பெயரைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். எனக்குக் காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் விண்டி செயலி போதும். அம்புக்குறி கிழக்கிலிருந்து மேற்கே ஓடி, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் நான் போலோனியாவை மறந்துவிடுவேன். மேற்கிலிருந்து வரும் பொனியெந்தே கடலைத் தொட்டு வருவதால் குளிர்ச்சியாக இருக்கும். அன்று தாராளமாகப் போகலாம்.

லெவாந்தே நாளிலும் வழி உண்டு. கோனிலுக்குப் பக்கத்தில் செம்மண் பாறைச் சுவருக்குக் கீழே ஒதுங்கியிருக்கும் காலா தெல் அசெய்தேவுக்குப் போங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தக் கரையில் லெவாந்தே நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். தண்ணீர் குளம் மாதிரி சாதுவாகத் தெரியும், அதில் காற்றடைத்த மிதவையில் குழந்தையை உட்கார வைத்தால் மளமளவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். மிதவையே வேண்டாம் என்பது என் கட்சி.

படி 3: ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது. மத்தியதரைக் கடல் பக்கம் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். 'பாஹாமார்' என்றால் வற்றம், 'ப்ளெயாமார்' என்றால் ஏற்றம். லா பரோசாவில் வற்றத்தின்போது ஆழமில்லாத தண்ணீர் நெடுந்தூரம் கிடக்கும், குட்டிகளுக்குக் கொண்டாட்டம். கான்யோஸ் தெ மேகாவில் பாறையடியில் உட்கார்ந்தால் ஏற்றம் வரும் நேரத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்த மணலே காணாமல் போய்விடும்.

படி 4: குடை. அடியில் திருகு முனை உள்ளதாக வாங்குங்கள். மடக்குக் கூடாரம் காற்றில் பட்டமாகிவிடும்.

பிற்சேர்க்கை: ஒரு வாசகரின் மகனை வற்றத்தின்போது மணலில் ஏதோ கொட்டியதாம். பெரும்பாலும் அது 'பேஸ் அரான்யா', மணலுக்குள் புதைந்திருக்கும் முள் மீன். பொறுக்கும் அளவு வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும், ஐஸ் வைக்காதீர்கள். உயிர்காப்பாளர் இருந்தால் உடனே அவரிடம் போங்கள். இதற்காகவே ரப்பர் காலணி எடுத்துப் போகலாம்.

இன்னொருவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். ஆமாம், போலோனியாவின் கிழக்குக் கோடியில் ஆடையின்றிக் குளிப்பவர்கள் இருப்பார்கள். மேற்கே, மணற்குன்றுப் பக்கம் போய்விடுங்கள். கரையை ஒட்டியே பாய்லோ கிளாவ்தியா என்ற ரோமானிய ஊரின் இடிபாடுகள் இருக்கின்றன, மீனை உப்பில் ஊறவைத்த தொட்டிகளை இன்றும் பார்க்கலாம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மூடியிருக்கும்.