திருகோணமலையிலிருந்து சிங்கப்பூருக்கு: பதின்ம வயதுப் பிள்ளைகளுடன் ஒரு வாரம்

முதலில் பிள்ளைகளின் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். 16 வயதுக்கு முன் எடுத்தது 3 ஆண்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் வகையாக இருக்கலாம். சிங்கப்பூருக்குள் நுழைய இன்னும் 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும், ஆகவே கடைசி அரையாண்டைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். 16 ஆகிவிட்டால் கைவிரல் அடையாளமும் கொடுக்க வேண்டும். புதுப்பிக்கப் பத்தரமுல்லைக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை. வவுனியாவிலும் அலுவலகம் உண்டு. விமானச்சீட்டில் பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்கட்டும், பாடசாலைப் பதிவில் உள்ளபடி அல்ல.

குறுகிய சுற்றுலாவுக்கு இலங்கையருக்கு விசா தேவையில்லை. ஆனால் இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்டால் அது அரசாங்கத் தளமல்ல.

அதிகம் பேர் தடுமாறுவது திகதியில்தான். கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டியே புறப்படும். சீட்டில் 12ஆம் திகதி 00.45 என்றிருந்தால், 11ஆம் திகதி மதியமே வான் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அப்போதுதான் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே யானை நடமாடும் காட்டுப் பாதையைப் பகலிலேயே கடக்கலாம். விடிந்ததும் இறங்குவீர்கள், ஹோட்டல் அறையோ பிற்பகலில்தான் கிடைக்கும். பைகளை வரவேற்பறையில் வைத்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைப் பக்கம் சாப்பிட்டு, மெல்ல நடங்கள். முதல் நாளுக்கு நுழைவுச் சீட்டு எதுவும் வாங்கவே வேண்டாம். தூக்கமில்லாத பிள்ளையை வரிசையில் நிறுத்தினால் சண்டைதான் மிஞ்சும்.

மற்ற நாட்களில் நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாளைப் பொறுப்பெடுக்கட்டும்: கட்டணம், திறக்கும் நேரம், இறங்கவேண்டிய ரயில் நிலையம் எல்லாம் அவர்களே தேட வேண்டும். தாங்களே தேர்ந்த இடத்துக்கு முகம் சுளிக்காமல் வருவார்கள். செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கு முழு நாள் வேண்டும். இரவு சஃபாரிக்கு (இரவில் திறக்கும் விலங்குத் தோட்டம்) போனால் மறுநாள் காலையைச் சும்மா விடுங்கள். கரையோரப் பூந்தோட்டத்தில் (Gardens by the Bay) இரவு 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சி இலவசம். ஒரு பிற்பகல் அவர்களைத் தனியே விடுங்கள். சந்திக்கும் நிலையமும் நேரமும் மட்டும் உறுதியாகட்டும்.

புறப்படுமுன் பைகளைச் சேர்ந்திருந்து பாருங்கள். மின்சிகரெட் வைத்திருப்பதே அங்கே குற்றம். சுவிங்கமும் கொண்டுபோக முடியாது. பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். வீட்டில் வட்டமுனை பிளக் என்றால் சதுர முனை அடாப்டர் ஒன்று வேண்டும்.

திரும்பும் விமானம் இரவில் இறங்கினால் நீர்கொழும்பில் தங்குங்கள். களைத்த சாரதியோடு அதே காட்டுப் பாதையை இரவில் கடக்காதீர்கள்.