கோப்பன் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போர்க்காலத்தில் ஒஸ்டின் ஏ40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. எந்தச் சாமானையும் எதிலாவது பொருத்தி ஓடவைக்கும் கைத்திறன் யாழ்ப்பாணத்து கராஜ்களுக்கு உண்டு. கூரை மடியும் சின்ன ஜப்பான் காரான டைஹட்சு கோப்பனைச் சேகரிப்புக் காராக வாங்க நினைப்பவர் முதலில் பயப்பட வேண்டியது அந்தத் திறமைக்குத்தான்.

2002 முதல் 2012 வரை வந்த முதல் கோப்பனின் மதிப்பு, காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ பூட்டிய அதன் 659 சிசி எஞ்சினில் இருக்கிறது. இத்தனை சின்ன எஞ்சினுக்கு நாலு சிலிண்டர்! 2014இல் வந்த அடுத்த கோப்பனில் மூன்றுதான். வேறு எஞ்சின் ஏற்றினாலும் கார் ஓடும், ஆனால் சேகரிப்பவருக்கு அது வெறும் கூடு. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் இலக்கங்களை நீங்களே குனிந்து ஒப்பிடுங்கள். தரகர் வாசிக்க நீங்கள் தலையாட்ட வேண்டாம்.

சூடான எஞ்சினைப் பார்த்து விலை பேசுவது அடுத்த தவறு. நீங்கள் போகுமுன்பே காரை ஓட்டி வைத்திருந்தால், சரி, நாளைக் காலை வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. டர்போ சீலாகவும் இருக்கலாம், வால்வு சீலாகவும் இருக்கலாம். டர்போவின் தண்டு ஒயிலில்தான் மிதந்து சுழல்கிறது, அதனால் ஒயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். வேகமாக ஓடி வந்ததும் விற்பவர் சட்டென்று சாவியைத் திருப்பி நிறுத்துகிறாரா, சூடான டர்போவுக்கு ஒயில் சட்டென்று நிற்காதபடி கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விடுகிறாரா என்று கவனியுங்கள். பில் இல்லாதவரின் கையே மீதியைச் சொல்லும்.

கூரையை ஒரு தடவை திறந்து காட்டினால் போதாது. நாலைந்து தரம் மடித்து விரிக்கச் சொல்லுங்கள். திக்கித் திக்கிப் போனால் ஹைட்ரோலிக்கைச் சந்தேகப்படுங்கள். டிக்கி காப்பெட்டைத் தூக்கும்போது ஈரவாடை அடித்தால் மாரி மழை உள்ளே இறங்கியிருக்கிறது. காரைநகர், ஊர்காவற்றுறைக் கடற்காற்றில் நின்ற காரென்றால் கதவுக்குக் கீழே காந்தம் வைத்துப் பாருங்கள். துருவை மறைக்கப் பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது.

ஜப்பானிலிருந்து எடுக்கலாம் என்ற கனவும் வேண்டாம். 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்தது உண்மைதான், ஆனால் வயதுக் கட்டுப்பாட்டில் இந்தக் கார் அடிபட்டுப் போகும். நாட்டுக்குள் இருப்பவற்றில்தான் தேட வேண்டும்.

வாங்கியபின் உறை போட்டு மூடி வைக்காதீர்கள். ரப்பர் காயும், பட்டறி இறங்கும். கூரையைத் திறந்து பண்ணைப் பாலத்தால் ஒரு ஓட்டம் போய் வாருங்கள். வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உவர்க் கிணறு என்றால் கழுவாமல் விடுவதே மேல்.