ரெடிமேட் டெஸ்க்டாப்பில் பயாஸ் அப்டேட்: நான் செய்யும் முறை

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், புது வெர்ஷன் வந்திருக்கிறதே என்பதற்காக மட்டும் நான் பயாஸைத் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும், மதர்போர்டில் உள்ள சிப்பில் இருக்கும் அடிப்படை மென்பொருள்) தொடமாட்டேன். உருப்படியான காரணம் வேண்டும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் வந்த மின்னழுத்தக் கோளாறு அப்படி ஒன்று. 2024இல் வந்த மைக்ரோகோட் (ப்ராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் பயாஸ் அப்டேட்டோடு சேர்ந்துதான் வந்தது.

பிராண்டட் பெட்டிக்குள் இருக்கும் மதர்போர்டில் சில சமயம் வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கும். அதைப் பார்த்து ஒருமுறை ஏமாந்தேன். மூடியைக் கழற்றி போர்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, போர்டு செய்தவர்களின் தளத்தில் கிட்டத்தட்ட அதே பெயரில் கிடந்த ஃபைலை இறக்கினேன். நல்லவேளை, அப்டேட் கருவியே ஏற்க மறுத்துவிட்டது. பெட்டியை விற்ற கம்பெனி தன் ஃபேன் கட்டுப்பாடு, சீரியல் எண், விண்டோஸ் லைசென்ஸ் எல்லாவற்றையும் பயாஸ் சிப்புக்குள்தான் வைத்திருக்கும். எனவே பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள சீரியல் எண்ணை அந்தக் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் கொடுத்து, அங்கே கிடைப்பதை மட்டும் எடுங்கள். இப்போதைய வெர்ஷனைப் பார்க்க விண்டோஸ் கீயும் ஆர்-உம் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று டைப் செய்தால் போதும். ரிலீஸ் நோட்ஸையும் படித்துவிடுங்கள். சில பெட்டிகளில் இடையில் உள்ள ஒரு வெர்ஷனைப் போட்ட பிறகுதான் கடைசி வெர்ஷனுக்குப் போக முடியும்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. "நான் அதை ஆன் செய்யவே இல்லையே" என்பீர்கள். விண்டோஸ் 11இல் அது தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸ் மாறியதும், பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புக் கீயைக் கேட்கும். அந்தக் கீயை முதலில் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள். முழுவதுமாக ஆஃப் செய்யத் தேவையில்லை.

அப்புறம் பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடியுங்கள். முக்கியமாக ஸ்டோரேஜ் பக்கம். டிஸ்க்கோடு பேசும் முறை அங்கேதான் இருக்கும்; அப்டேட்டுக்குப் பிறகு அது ரெய்டிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். படம் இருந்தால் பழையபடி மாற்றிவிடலாம்.

விண்டோஸிலிருந்தே ஃபைலை ஓடவிடலாம். எனக்கு என்னவோ பென் டிரைவ் வழிதான் பிடிக்கும். குறுக்கே வர ஆன்டிவைரஸோ வேறு புரோகிராமோ இருக்காது. பென் டிரைவை எஃப்ஏடி32 (FAT32) முறையில் ஃபார்மட் செய்து ஃபைலைப் போடுங்கள். டெல் என்றால் ஆன் செய்ததும் எஃப்12 தட்டினால் பயாஸ் ஃப்ளாஷ் அப்டேட் என்று இருக்கும். எச்பியில் எஃப்10. யூபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பொறுமை வேண்டியது இதற்குப் பிறகுதான். பெட்டி தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எழும்பும், ஃபேன் அலறும், திரை கறுத்துக் கிடக்கும். மெமரியை அது புதிதாகப் பழக்கிக்கொள்கிறது. என் பெட்டியில் திரை ஏழு நிமிடம் இருட்டாகவே இருந்தது. கை பவர் பட்டனுக்குப் போகும், அழுத்திவிடாதீர்கள். அரை மணி நேரம் கழித்தும் அசைவில்லை என்றால்தான் மீட்பு முறையைத் தேட வேண்டும். கம்பெனி தளத்தில் அதைச் சொல்லும் பக்கத்தை முன்கூட்டியே போனில் திறந்து வைத்திருங்கள்.

விண்டோஸ் வந்ததும் எம்எஸ்இன்ஃபோ32இல் புது வெர்ஷன் தெரிகிறதா, பிட்லாக்கர் மறுபடி ஆன் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.