எர்த், எம்சிபி, ஆர்சிசிபி: ஒயரிங் வேலைக்குப் புதுசா வர்றவங்க விடாம செய்ற தப்புங்க

கொஞ்ச நாளா வேலைக்குப் புதுசா வர்ற பசங்களப் பாத்துட்டு வர்றேன், நல்ல கை, பைப் வளைக்கிறது சுத்தமா இருக்கு, டிபி (வீட்டுக்குள்ள லைன் பிரியுற பெட்டி) உள்ள ஒயர் அடுக்குறது போட்டோ புடிச்சு வைக்கிற அளவுக்கு இருக்கு, ஆனா எர்த்து, அதாவது கசியுற கரண்ட்ட மண்ணுக்கு எறக்குற ஒயர்னு வந்தா மட்டும் நாங்க ஹெல்ப்பரா இருந்த காலத்துல என்னென்ன பண்ணோமோ அதையே ஒண்ணு விடாம பண்றாங்க. யாரோ ஒரு மேஸ்திரி சொல்லிக்குடுத்தது, அவருக்கு அவரோட மேஸ்திரி சொன்னது, கேள்வி கேக்காம அப்படியே கை மாறி வருது.

ஈரக்கையோட சுவிட்ச தொடாதே, மெயின ஆஃப் பண்ணாம போர்டு கழட்டாதேனு நான் எழுதப்போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச வயர்மேனே செய்ற தப்பு, செஞ்ச அன்னிக்கு ஒண்ணும் ஆகாம ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாரையோ அடிக்கிற தப்பு, அதத்தான் எழுதுறேன்.

எம்சிபி இருக்கே, ஷாக் அடிக்காதுனு நெனக்கிறது

அடிக்கும். எம்சிபிங்கறது டிபில இருக்கிற, தானா விழுற சுவிட்ச், அது பாக்குறது ரெண்டே விஷயம், ஒயர் தாங்குறதுக்கு மேல ரொம்ப நேரமா கரண்ட் போகுதா, இல்ல ஷார்ட் ஆகி ஒரேயடியா பாயுதா. சி கர்வ்ங்கற ரகத்துல 16 ஆம்ப் எம்சிபி டப்புனு விழணும்னா அதோட 5-ல இருந்து 10 மடங்கு, அதாவது 80-ல இருந்து 160 ஆம்ப் போகணும். மனுஷன் ஒடம்பு வழியா போறது மில்லி ஆம்ப் கணக்கு. ஈரத்தரைல நிக்கிற ஒருத்தரோட ஒடம்புக்கு 1000 ஓம்னு வச்சுக்கங்க, 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்ப், கால் ஆம்ப் கூட இல்ல. எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது, ஆனா 50, 100 மில்லி ஆம்ப்லயே இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆள் போயிரலாம்.

ஆளக் காப்பாத்துறது 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் வெளில கசிஞ்சா வெட்டி விடுற சுவிட்ச். நம்மாளுங்க இன்னும் பழைய பேர்ல ஈஎல்சிபினுதான் கேப்பாங்க, கடைக்காரரும் ஆர்சிசிபியதான் எடுத்துக் குடுப்பாரு, அது பிரச்சினை இல்ல. முகப்புல 30 மில்லி ஆம்ப்னு இருக்கா, 100, 300-னு இருக்கானு பாருங்க. 300 போடுறது தீப்பிடிக்காம இருக்க, ஆளுக்கு ஷாக் அடிச்சா அது விழும்னு நம்ப முடியாது.

எம்சிபி விழுதா, பெருசா ஒண்ணு போடு

1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் பைப்புக்குள்ள போனா ஏறக்குறைய 15 ஆம்ப் தாங்கும். அதுல ஹீட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் சேத்துப் போட்டு 16 ஆம்ப் எம்சிபி விழுதுனு ஒருத்தர் கூப்பிடுறாரு, போன தம்பி 32 போட்டுட்டு வந்துட்டான். இப்ப விழல, வீட்டுக்காரருக்கு சந்தோஷம். 28 ஆம்ப் நாள் பூரா போனாலும் அந்த 32 விழாது, ஏன்னா அதோட அளவுக்குள்ளதான் போகுது, ஆனா செவுத்துக்குள்ள இருக்கிற ஒயர் தோல் 70 டிகிரிக்கு மேல தாங்காது. எம்சிபி ஒயருக்காகப் போடுறது, லோடுக்காக இல்ல. லோடு அதிகம்னா 4 ஸ்கொயர் ஒயர் தனியா இழுங்க, அப்புறம் எம்சிபியப் பத்திப் பேசலாம்.

எர்த் பின்ல நியூட்ரல லூப் அடிக்கிறது

இதுக்குத்தான் நான் இவ்வளவும் எழுத ஒக்காந்தேன். எத்தன தடவ சொன்னாலும் எனக்கு இது ஆறவே மாட்டேங்குது.

பழைய வீடுங்கள்ல போர்டுக்கு ரெண்டே ஒயர்தான் வரும், கரண்ட் வர்ற ஃபேஸ் ஒண்ணு, அது திரும்பிப் போற நியூட்ரல் ஒண்ணு, அப்ப இருந்தது லைட்டும் ஃபேனும்தான். அப்புறம் ஃப்ரிட்ஜ் வந்துச்சு, வாஷிங் மெஷின் வந்துச்சு, 3 பின் சாக்கெட்ட மாட்டுனாங்க, ஆனா மேல இருக்கிற பெரிய ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே கெடையாது. கொஞ்ச நாள்ல வீட்டம்மா கூப்பிடுவாங்க, "தம்பி, மெஷின தொட்டா சுர்ருங்குது". மெஷினுக்குள்ள இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா பாடிக்குக் கொஞ்சூண்டு கரண்ட் எப்பவுமே வரும், எர்த் இருந்தா அதுல எறங்கிரும், இல்லைனா பாடிலயே நிக்கும். எர்த் இல்லப்பானு அந்த மெஷின் சொல்லுது, அவ்வளவுதான்.

நம்ம தம்பி போவான், சாக்கெட்ட கழட்டுவான், எர்த் வரலைனு பாப்பான், ஒரு துண்டு ஒயர வெட்டி நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்குப் போட்டு முறுக்கிருவான். சுர்ருங்கறது நின்னுபோகும், கூலியும் வாங்கிட்டு வந்துருவான். கேட்டா ஒரே பதில், "நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணுதானேண்ணே, டிரான்ஸ்ஃபார்மர்ல சேத்துத்தானே வச்சிருக்கான்".

டிரான்ஸ்ஃபார்மர்ல சேத்துதான் வச்சிருக்கு. ஆனா அங்க இருந்து உங்க சாக்கெட் வரைக்கும் எத்தன ஜாயின்ட்டு இருக்குனு எண்ணிப் பாருங்க, போஸ்ட்ல ஒண்ணு, சர்வீஸ் ஒயர், மீட்டர், மெயின், ஃபியூஸ் கேரியர், ஒவ்வொரு போர்டுலயும் லூப். இதுல எங்க நியூட்ரல் விட்டாலும் அதுக்குப் பின்னாடி இருக்கிற நியூட்ரல் ஒயர் அப்புறம் நியூட்ரலே இல்ல.

ஸ்ரீரங்கத்துல ஒரு வீடு, மாடில ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தாங்க. பழைய மரப்பலகை மெயின் போர்டு, அந்தக் கால வழக்கப்படி ஃபேஸ்ல ஒரு ஃபியூஸ், நியூட்ரல்லயும் ஒரு ஃபியூஸ். ஒரு மத்தியானம் நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போயிருச்சு. ஃபேன் நின்னுச்சு, ஃப்ரிட்ஜ் நின்னுச்சு, அந்த அக்கா கரண்ட் கட்டுனு நெனச்சுட்டு, மெஷின்ல துவைச்சு முடிஞ்சு கெடக்கிற துணியையாவது எடுத்துக் காயப்போடலாம்னு பின்கட்டுக்குப் போயிருக்காங்க. தரை ஈரம், கால்ல செருப்பு இல்ல, மெஷினோட சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு. ஒரு கைய மெஷின் மேல ஊனித் துணிய இழுத்தவங்கள தூக்கி வாசப்படி பக்கம் எறிஞ்சிருக்கு. கை விடுபட்டதால உயிர் இருக்கு, தோள்பட்டை எறங்கிருச்சு, பல மாசம் அந்தக் கைல ஒரு குடம் தூக்க முடியல அவங்களால.

என்ன கூப்பிட்டது அதுக்கு அப்புறம்தான். சாக்கெட்ட கழட்டிப் பாத்தா உள்ள ஒரு இஞ்ச் நீளத்துக்குக் கருப்பு ஒயர் துண்டு, ரெண்டு முனையும் அளவா சீவி, ஒரு இழை கூட வெளில தெரியாம ஸ்குரூக்குள்ள முறுக்கி விட்டிருக்கு. அவ்வளவு நீட்டான வேலை. அதப் பாத்ததும் எனக்கு வந்த கோவம் இன்னும் போகல, கை தெரிஞ்ச ஒருத்தன் நிதானமா ஒக்காந்து செஞ்சது அது.

மெஷின் சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்போது எப்படி ஷாக்குனு அந்த வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டாரு. நல்ல கேள்வி, புதுசா வர்றவங்க இத மனசுல நல்லா வாங்கிக்கணும். சுவிட்ச் வெட்டுறது ஃபேஸ மட்டும்தான், நியூட்ரல் எப்பவும் சேந்தே இருக்கும். ஹால்ல ஃபேன் சுவிட்ச் ஆன்ல இருக்கு. ஃபேஸ் அந்த ஃபேன் காயில் வழியா எறங்கி நியூட்ரல் ஒயருக்கு வருது, திரும்பிப் போக வழி இல்ல ஏன்னா ஃபியூஸ் போயிருச்சு, அதனால வீட்டுல இருக்கிற மொத்த நியூட்ரலும் ஃபேஸ் ஆகி நிக்குது. அந்த கருப்புத் துண்டு அத எர்த் பின்னுக்குக் கொண்டுபோய் மெஷின் தகரத்துல சேத்துருச்சு. ஓடாத ஒரு மெஷின், ஆஃப்ல இருக்கிற சுவிட்ச், வீடு பூரா கரண்ட் இல்லாத நேரம், யாருக்கு சந்தேகம் வரும்? எம்சிபி இருந்திருந்தாலும் விழுந்திருக்காது, கரண்ட் போக இருந்த ஒரே வழி அந்த அக்காதான்.

நியூட்ரல் அறுந்தாதான்னு இல்ல. மீட்டர் மாத்தும்போதோ சர்வீஸ் ஒயர் புதுசு போடும்போதோ ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிருச்சுனா அந்த நிமிஷமே மெஷின் பாடில நேரா 230 வோல்ட், லைட்டும் ஃபேனும் பாட்டுக்கு ஓடும், ஒருத்தருக்கும் தெரியாது. வீட்டுல பாதிக்கு எர்த் ஒயர் இழுத்து, அது குழி வரைக்கும் போகாம நடுவுல விட்டுப்போய் இருக்கும், அதுல ஒரே ஒரு சாக்கெட்ல இந்த லூப் இருந்தாலும் போதும், ஃப்ரிட்ஜ், ஹீட்டர், கிரைண்டர்னு எர்த்துல சேந்த எல்லா தகரமும் ஒண்ணா ஏறிரும்.

எர்த் இல்லாத வீட்டுல என்ன செய்றதுனா, பச்சை ஒயர் இழுக்கணும். செவுத்த ஒடைக்க வீட்டுக்காரர் ஒத்துக்கலைனா கேசிங் பட்டில வெளியவே கொண்டுபோங்க, மொத்த வீட்டுக்கும் முடியலைனாலும் சமையக்கட்டு, பாத்ரூம், மோட்டார் இந்த மூணுக்காவது போடுங்க. அதுவரைக்கும் எர்த் பின்ன காலியா விட்டுட்டு மெயின்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி போட்டுக் குடுங்க. ஆர்சிசிபி வேல செய்ய எர்த் ஒயர் தேவையில்ல, போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இல்லைனா விழுந்துரும். எர்த் இல்லைனா ஆள் தொட்ட பிறகுதான் விழும், ஒரு அடி அடிக்கும், ஆனா ஒட்டிக்கிட்டு நிக்க விடாது. அப்புறம் சுர்ருங்குதுனு வீட்டம்மா மறுபடி போன் பண்ணுவாங்க, பண்ணட்டும், எர்த் போடணும்மானு மறுபடி சொல்லுங்க.

பல்ப போட்டுப் பாத்து எர்த் சூப்பர்னு சொல்றது

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட் பல்பு, பளிச்சுனு எரியுது, எர்த் நல்லா இருக்குனு முடிவு. எரியிற 100 வாட் பல்போட ரெசிஸ்டன்ஸ் சுமார் 530 ஓம். உங்க எர்த் 50 ஓம்னு மோசமா இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கெடைக்கும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதே 50 ஓம் எர்த்துல ஹீட்டர் எலிமென்ட் பாடில பட்டா 4.6 ஆம்ப்தான் போகும், 16 ஆம்ப் எம்சிபி எந்தக் காலத்துலயும் விழாது, பாடி 230 வோல்ட் பக்கத்துலயே நிக்கும். 5 ஓம்னு நல்ல எர்த்தே இருந்தாலும் 46 ஆம்ப், அதுக்கு எம்சிபி சூடாகித்தான் விழணும், சில செகண்ட்ல இருந்து முக்கால் நிமிஷம் வரைக்கும் கூட ஆகலாம். நல்ல எர்த் இருக்கிற வீட்டுக்கும் ஆர்சிசிபி வேணும்னு நான் அடிச்சுக்கிறது இதனாலதான்.

இன்னொண்ணு, நான் மேல சொன்ன நியூட்ரல் லூப் போட்ட சாக்கெட்லயும் இந்த பல்பு ஜோரா எரியும். எர்த் டெஸ்டர் வச்சு ஓம் பாக்காம யாருக்கும் வாக்கு குடுக்காதீங்க.

எர்த் குழி மேல டைல்ஸ் ஒட்டுறது

கரி, உப்பு போட்டு 2.5 மீட்டர் பைப் எறக்குனீங்க, சரி. சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சா தண்ணி ஊத்த எங்க எடம்? டைல்ஸ் ஒட்டாம, தெறக்குற மாதிரி ஒரு மூடி வச்சு விடுங்க.

நியூட்ரல்ல ஃபியூஸ்

ஸ்ரீரங்கம் கதை போதும். நியூட்ரலுக்கு ஃபியூஸ் வேணாம், லிங்க் போடுங்க, அதாவது உருகாத கெட்டி இணைப்பு.

ஆர்சிசிபி விழுதுனு பைபாஸ் பண்றது

ராத்திரி 10 மணிக்குப் போன் வரும், மழை, ஆர்சிசிபி நிக்க மாட்டேங்குது, வீட்டுல கைக்குழந்தை இருக்கு, ஃபேன் வேணும். போனவன் ஆர்சிசிபிய ஒதுக்கி நேரா கொடுத்துட்டு காலைல வந்து பாக்குறேம்பான். அந்தக் காலை வரவே வராது. மாடில லைட் ஹோல்டர்ல தண்ணி எறங்கி நிஜமாவே லீக்கேஜ் இருக்கிற அந்த ஒரு ராத்திரில காவலத் தூக்கிட்டோம்.

தேடுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. எல்லா எம்சிபியும் ஆஃப் பண்ணிட்டு ஆர்சிசிபிய ஏத்துங்க, நின்னா ஒவ்வொண்ணா ஏத்துங்க, எதுல விழுதோ அந்த லைன். பசங்க தடுமாறுறது எல்லாத்தையும் ஆஃப் பண்ணியும் ஆர்சிசிபி விழும்போதுதான், உடனே "ஆர்சிசிபியே போச்சுண்ணே"னு சொல்லிருவாங்க. சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸ மட்டும்தான் வெட்டுது, நியூட்ரல் எங்கயோ எர்த்துல பட்டுக்கிட்டு இருந்தா எம்சிபி ஆஃப்ல இருந்தாலும் விழும். நியூட்ரல் பார்ல இருந்து ஒவ்வொரு ஒயரா கழட்டிப் பாருங்க. மெகர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) இருந்தா 500 வோல்ட்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல போடுங்க, 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டுற லைன்தான் குத்தவாளி. போடுறதுக்கு முன்னாடி அந்த லைன்ல இருக்கிற எல்லா பிளக்கையும் உருவிருங்க.

அதுக்கு அடுத்து பாக்க வேண்டியது இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரல வேற ஒரு ரூம் நியூட்ரலோட போர்டுக்குள்ள சேத்து விட்டிருப்பாங்க, போன வழி ஒண்ணு, திரும்புற வழி வேற, ஆர்சிசிபி விழத்தான் செய்யும். விட்டு விட்டு மாசத்துல ரெண்டு மூணு தடவ காரணமே இல்லாம விழுதுனா மொத்த வீடும் ஒரே ஆர்சிசிபில இருக்கானு பாருங்க. டிவி, கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர் எல்லாமே ஆளுக்குக் கொஞ்சம் லீக் பண்ணும், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி 15-க்கு மேல எங்க வேணா விழலாம், கூட்டிப் பாத்தா அந்த எல்லைக்கு வந்துரும். ரெண்டு ஆர்சிசிபியா பிரிச்சுப் போட்டா சரியாகும்.

வீட்டுக்காரர் வேணாம், எடுத்துருங்கனு சொன்னாருனா, மத்திய மின்சார ஆணையத்தோட 2010 விதிகள்லயே ஒரு அளவுக்கு மேல லோடு இருந்தா எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு கட்டாயம், 2023-ல வந்த புது விதிகள்லயும் அது இருக்குனு சொல்லுங்க. அதுக்கும் கேக்கலைனா அந்த வேலைய விட்டுட்டு வாங்க, ஆர்சிசிபி இல்லாத டிபிக்கு நான் கை வைக்கிறதில்ல.

டெஸ்ட் பட்டன் அமுக்குனேன் விழுந்துச்சு, அப்ப எர்த் ஓகே

இல்ல. அந்த பட்டன் ஆர்சிசிபிக்குள்ளயே ஒரு ரெசிஸ்டர் வழியா சோதிக்குது, எர்த்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா மாசம் ஒரு தடவ அமுக்கிப் பாக்கச் சொல்லிக்குடுங்க, பட்டன் எதுனு கைய வச்சுக் காட்டிட்டு வாங்க.

3 பின் பிளக்ல எர்த் பின்ன ஒடைச்சுட்டு 2 பின் பாக்ஸ்ல சொருகுறது

கட்டர எடுக்காதீங்க. பாக்ஸ மாத்துங்க.