ஃபர்ஸ்ட் காப்பி வாட்சைப் பிரித்துப் பழகுவது

மும்பை சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்கு வெளியே நடைபாதையில் என் வீட்டுக்காரர் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே முறுக்கேறுவது) வாங்கி வந்தார். டயலில் ஒரு பெரிய சுவிஸ் கம்பெனியின் பெயர். மும்பையில் இந்த மாதிரி போலிச் சரக்குக்கு ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று மரியாதையாக ஒரு பெயர் உண்டு. செகண்ட் காப்பி என்று சொல்லி விற்கிறவரை நான் இன்னும் பார்த்ததில்லை.

ஜூன் வந்தது. ஒரு நாள் மழையில் நனைந்து வந்தார், கண்ணாடிக்கு உள்ளே ஆவி கட்டிக்கொண்டது. அடுத்த வாரம் வாட்ச் நின்றுவிட்டது. சயான் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டு வாட்ச் ரிப்பேர் பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். “இது ரிப்பேர் பண்ற சாமான் இல்லம்மா. ஆனா பழகறதுக்கு இதவிட நல்ல சாமான் கிடையாது. கெட்டுப்போனா என்ன போகுது?” என்றார்.

அங்கே பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம். இப்போது ஏழெட்டு வாட்ச் பிரித்துவிட்டேன். நீங்களும் ஆரம்பிப்பதாக இருந்தால், நான் கெடுத்ததையெல்லாம் நீங்களும் கெடுக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இப்படிச் சரிசெய்த வாட்சை விற்கப் போகாதீர்கள். போலிச் சின்னம் போட்ட சரக்கை விற்றால் 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். நான் செய்கிற முதல் காரியமே டயலில் இருக்கும் பொய்ப் பெயரை எடுப்பதுதான். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். கண்ணில் வைத்துப் பார்க்கும், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப், நல்ல ட்வீசர் ஒன்று, 0.8 முதல் 1.6 மில்லிமீட்டர் வரை திருப்புளிகள், முள் கழற்றும் லீவர் ஒரு ஜோடி, தூசி ஊதும் ரப்பர் பல்ப், விரல் நுனியில் மாட்டும் ரப்பர் உறை. க்ராஃபர்ட் மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகளில் வாட்ச் சாமான் கடைகளைத் தேடிப் போனால் எல்லாம் கிடைக்கும். ட்வீசரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவு ட்வீசரின் நுனி சரியாகச் சேராது. ஸ்க்ரூவை அழுத்திப் பிடித்தால் அது சுண்டிவிட்ட மாதிரி பறந்துபோகும். எங்கள் வீட்டு அலமாரிக்கு அடியில் அப்படிப் பறந்த ஸ்க்ரூ இரண்டு இன்னும் இருக்கின்றன.

வேலைக்கு நான் எவர்சில்வர் தாம்பாளம்தான் வைத்துக்கொள்கிறேன். விளிம்பு உயர்ந்திருப்பதால் எதுவும் உருண்டு ஓடாது. உள்ளே வெள்ளைக் காகிதம் விரித்துக்கொள்ள வேண்டும். கழற்றிய ஸ்க்ரூக்களை வரிசையாக வைக்க முதலில் இட்லித் தட்டை எடுத்தேன், அதில் ஓட்டை இருக்கிறது என்பதே மறந்துபோய். இப்போது நான்ஸ்டிக் பணியாரச் சட்டி. ஒரு குழிக்கு ஒரு கட்டம்: முதல் குழியில் ரோட்டர் (கை அசையும்போது சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் எடைத்தகடு), இரண்டாவதில் பாலம் (சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடு) பிடித்த ஸ்க்ரூக்கள், இப்படியே. ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதத்தில் இது பெரிய தவம். அதனால் நான் ராத்திரி பத்தரைக்கு மேல்தான் உட்காருவேன்.

வாட்சின் பின்மூடி மூன்று வகை. அமுக்கி மாட்டியது என்றால் விளிம்பில் ஒரு சின்ன உதடு இருக்கும், அங்கே கத்தி நுனியை வைத்து நெம்ப வேண்டும். நாலு ஸ்க்ரூ போட்டது பிரச்சினையே இல்லை. மரை போட்ட மூடிக்குத் தனிச் சாவி விற்கிறார்கள், ஆனால் அது வழுக்கினால் பின்பக்கம் முழுக்கக் கீறல். பசங்கள் விளையாடும் மென்மையான ரப்பர் பந்தை மூடிமேல் அழுத்தி இடப்பக்கமாகத் திருகிப் பாருங்கள். பாதி வாட்சுகள் அதற்கே திறந்துவிடும்.

உள்ளே என்ன மிஷின் இருக்கிறது என்று பாருங்கள். பேட்டரி இருந்தால் குவார்ட்ஸ். பெரும்பாலும் 6.8 மில்லிமீட்டர் அகலமுள்ள எஸ்ஆர் 626 செல்லாக இருக்கும். அதே அளவில் எல்ஆர் 626 என்று ஒன்று மலிவாகக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அது ஆல்கலைன் வகை, சீக்கிரம் ஒழுகி மிஷினைத் தின்றுவிடும். நின்றுபோன குவார்ட்ஸ் காப்பிகளில் பல, செல் மாற்றினால் ஓடும். அதோடு டயலில் மூன்று குட்டி வட்டம் இருக்கிறதே என்று ஸ்டாப்வாட்ச் தேடாதீர்கள். சிலதில் அவை வெறும் படம்.

ஆட்டோமேட்டிக் காப்பி என்றால் டிஜி 2813 என்கிற சீன மிஷினோ அதன் அண்ணன் தம்பியோ இருக்க வாய்ப்பு அதிகம். மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு ஆறு. ஜப்பானிய மியோட்டா 8200 வரிசையைப் பார்த்துச் செய்தது. கெட்டுப்போன மிஷினை மாற்றிவிடலாம் என்று நினைத்து நான் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். எல்லோரும் புகழ்கிறார்களே என்று சீக்கோ குடும்பத்து என்எச் 35 மிஷினை 3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வரவழைத்தேன். 24 ஜுவல் (தேய்மானம் குறைக்க உள்ளே வைக்கும் கற்கள்), முழுசாக முறுக்கினால் 41 மணி நேரம் ஓடும், அருமையான மிஷின். ஆனால் அதன் அகலம் 27.4 மில்லிமீட்டர், என் வாட்ச் கேஸின் (வெளிக்கூட்டின்) வாய் அதைவிடச் சின்னது. முள்ளும் அப்படித்தான். என்எச் 35-இன் நொடி முள் துளை 0.20 மில்லிமீட்டர், சுவிஸ் மிஷினான ஈடிஏ 2824 வகைக்கு 0.25. ஒரு தலைமுடி அளவு வித்தியாசம்தான், ஆனால் ஈடிஏ முள்ளை என்எச் மிஷினில் மாட்டினால் கையை உதறியதும் கழன்று கண்ணாடிக்குள் சுற்றித் திரியும். அளந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

சரி, பிரிப்போம். கீயையும் (நேரம் திருப்பும் குமிழ்) அதன் தண்டான ஸ்டெம்மையும் வெளியே எடுக்க, ஸ்டெம் மிஷினுக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியோ லீவரோ இருக்கும். ஊசி நுனியால் அதை லேசாக அமுக்கிக்கொண்டு கீயை இழுத்தால் வந்துவிடும். லேசாக என்று நான் சொல்வது நிஜமாகவே லேசாக. ஓங்கி அழுத்தினால் உள்ளே லீவர் நழுவிவிடும். அப்புறம் ஸ்டெம் திரும்பப் பிடிக்காது, டயலையே கழற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மிஷினைக் கேஸிலிருந்து எடுத்து ஸ்டெம்மைத் திரும்பச் செருகி, முள்ளைக் கழற்றுவதற்கு முன் மூன்றையும் 12-க்கு நேராகக் கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் கவரில் ஒரு வெட்டு வெட்டி டயல்மேல் விரித்து, அதன் மேல் இரண்டு பக்கமும் லீவரை வைத்து ஒரே சமயத்தில் அமுக்கினால் முள் மேலே எழும். திரும்ப மாட்டும்போது தேதி உள்ள வாட்சில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்டெம்மைப் போட்டுத் திருப்பிக்கொண்டே வந்து, தேதி ‘டக்’கென்று மாறும் அந்த நொடியில் நிறுத்தி, அங்கேதான் மணி முள்ளை 12-இல் மாட்ட வேண்டும். இல்லையென்றால் மத்தியானம் மூன்று மணிக்குத் தேதி மாறும்.

மிஷினுக்குள் போகிறவர்களுக்கு அண்ணாச்சி சொன்ன ஒரே விதி: “மொதல்ல ஸ்பிரிங்கை எறக்கும்மா, அப்புறம் தொடு.” முறுக்கு ஏறியிருக்கும்போது பேலட் ஃபோர்க்கை (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக நகரவிடும் சின்னக் கவை) கழற்றினால் சக்கரங்கள் எல்லாம் ஒரே பாய்ச்சலில் சுழன்று பல்லோ பிவட்டோ (அச்சு நுனியோ) போய்விடும். ரோட்டரை எடுத்துவிட்டு, பெரிய பல்சக்கரத்தின் ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்துப் பிடித்துக்கொண்டு, க்ளிக்கை (அந்தச் சக்கரம் பின்னால் சுழலாமல் தடுக்கும் கொக்கி) விலக்கி, திருப்புளியைக் கைக்குள்ளேயே மெல்லச் சுழல விடுங்கள். கிணற்றுக் கயிற்றை விடுகிற மாதிரி. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முதல் வாட்சில் டயல் வரை மட்டும் கழற்றி மாட்டுங்கள், இரண்டாவதில் பேலன்ஸ் வீலை (இப்படியும் அப்படியும் ஆடி நேரம் காக்கும் சக்கரம்) எடுத்து வையுங்கள், மூன்றாவதில் முழுசாகப் பிரிக்கலாம்.

கழுவும்போது பேலட் ஃபோர்க்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் ஊறப்போடாதீர்கள். அதிலுள்ள கற்களை ஒட்டியிருப்பது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும். எண்ணெய் விஷயத்தில் எல்லோரும் கொட்டுவார்கள், நானும் கொட்டினேன். ஜுவல் குழியில் பாதி நிறைந்தால் போதும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எல்லாம் வேண்டவே வேண்டாம். வேகமாகச் சுழலும் இடங்களுக்கு மோபியஸ் 9010 என்கிற வாட்ச் எண்ணெய் ஒரு குட்டி பாட்டில் வாங்கினால் பல வருஷம் வரும்.

இப்போது டயல். பெயரை எடுக்கலாம் என்று நகப்பூச்சு எடுக்கிற அசிட்டோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பெயர் போனது. கூடவே நீலப் பெயின்டும் போனது, எண் கட்டைகளும் உதிர்ந்தன. அழாத குறை. மிச்சத்தையும் துடைத்துப் பார்த்தால் அடியில் சுத்தமான பித்தளை! அப்போது தோன்றியதைத்தான் செய்தேன். கார்த்திகைக்குக் குத்துவிளக்கு துலக்குகிற மாதிரி, ஊறவைத்த புளியை விரலில் எடுத்து வட்டமாகத் தேய்த்தேன். ஒரு நிமிஷத்தில் அந்தப் பழுப்பு நீங்கி இளமஞ்சளாக ஜொலித்தது. பின்பக்கம் இருக்கிற இரண்டு கால்கள் நூல் மாதிரி மெல்லியவை, வளையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவியவுடன் ஹேர் ட்ரையரால் காயவைத்தேன், தண்ணீர் நின்றால் கறுப்புப் புள்ளி விழும். பிறகு நிறமில்லாத லாக்கர் ஸ்ப்ரே, மெல்லியதாக மூன்று தடவை. எண் கட்டைகளில் 12, 3, 6, 9 மட்டும் திரும்ப ஒட்டினேன். மூன்றில் தேதி ஜன்னல் இருந்ததால் பாதிக் கட்டை. ஒட்டுவதற்கு எப்பாக்ஸி. உடனடிப் பசையைத் தொடாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கத்தை வெள்ளையாக்கிவிடும்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “என்ன கம்பெனி இது?” என்றார். கம்பெனியே இல்லை என்றேன். அந்த வாட்சைத்தான் இப்போதும் கட்டுகிறார்.

ஓட ஆரம்பித்ததும் நேரத்தைக் கவனியுங்கள். ஒரு நாளைக்குப் பல நிமிஷம் முந்தினால் ரெகுலேட்டரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன லீவர்) நகர்த்துவதற்கு முன் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். வாட்சைத் திசைகாட்டிப் பக்கத்தில் கொண்டுபோங்கள், ஊசி ஆடினால் அதுதான் காரணம். காந்தம் ஏறினால் பேலன்ஸ் வீலை ஆட்டும் ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதன் நீளம் குறைந்துவிடுகிறது. காந்தம் நீக்கும் சின்னப் பெட்டி மலிவுதான். எங்கள் வீட்டில் குற்றவாளி ப்ளூடூத் ஸ்பீக்கர், ராத்திரி வாட்சை அதன்மேல்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக மழை. காப்பி வாட்ச் டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். என்னுடையதைத் திறந்தபோது மூடியின் ரப்பர் ரிங் காய்ந்து வெடித்திருந்தது, கீயில் ரிங்கே இல்லை. சரியான அளவு ரிங் வாங்கி, சிலிகான் க்ரீஸ் தடவிப் போட வேண்டும். முடித்ததும் வாட்சைக் கை பொறுக்கிற சூடுள்ள தட்டில் பத்து நிமிஷம் வைத்துவிட்டு, கண்ணாடிமேல் ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் ஆவி தெரிந்தால் உள்ளே ஏற்கெனவே ஈரம் இருக்கிறது, திறந்து காயவைத்துத் திரும்ப மூட வேண்டும். இந்தச் சோதனையை மே கடைசிக்குள் செய்துவிடுங்கள். ஜூனில் மூடியைத் திறந்தால் மும்பைக் காற்றே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.