தாத்தா பாட்டி விழுந்தால் தைலத்தைத் தேடாதீர்கள்

வயதானவர் விழுந்து எழ முடியாமல் கிடந்தால், முதலில் இரண்டு பாதங்களையும் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். (இடுப்பு என்கிறோமே தவிர, உடைவது தொடை எலும்பின் மேல்முனை.) நிற்க வைத்துப் பார்ப்பது, நீவி விடுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் தலையணையால் அணை கொடுத்து 108-ஐ அழையுங்கள்.

சிலர் நொண்டிக்கொண்டே நடந்துவிடுவார்கள். தொடை இடுக்கில் வலி என்பார்கள், சில சமயம் முழங்காலில் மட்டும். அவர்களுக்கும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

"இந்த வயசுல ஆபரேஷனா?" என்று சொந்தக்காரர்கள் இழுப்பார்கள். படுக்கையிலேயே போட்டு வைப்பதுதான் பெரும்பாலும் அதிக ஆபத்து: நிமோனியா, படுக்கைப் புண், காலில் ரத்தக்கட்டு. உடல்நிலை இடம் கொடுத்தால் ஆபரேஷனை 48 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. பொதுவாக மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்துவிடுவார்கள்.

வீடு திரும்பும்போது எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவதற்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) என்ன மருந்து என்று நீங்களே கேளுங்கள். ஒருமுறை முறிந்தவருக்கு மறுபடி முறியலாம். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

அப்புறம் பாத்ரூம் வாசலில் பழைய புடவையை மடித்துப் போட்டிருக்கிறோமே, அதை இன்றே எடுத்துவிடுங்கள். ராத்திரி கட்டிலிலிருந்து கழிவறை வரை ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சுவரில் பிடிமானக் கம்பி வேண்டும். டவல் மாட்டும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. தூக்க மாத்திரை, பிரஷர் மாத்திரையால் தலை சுற்றுகிறதா என்றும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.